ஏழாம் எண் கை

ஜூன் 8

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்களும், போன மாதம் போனில் கேட்ட அந்த இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இருமல் கிளம்பிப் போயிருந்தால் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

பெட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்த அம்மா, "என்னடி இது, சின்னவ வெறும் பெட்டிய அனுப்பியிருக்கா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்த பிறகுதான் உள்ளே விரல் வலிக்கு நீங்கள் செய்த பட்டைகள் இருப்பது தெரிந்தது. நீங்கள் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை, மன்னித்துவிடுங்கள். விரலில் சுற்றினால் ரேகைகூடத் தெரிகிறது. இதற்குள் வெள்ளிக் கம்பி வலையாக ஓடுகிறது, அது சூடாகிறது என்றால் எங்கள் அறிவியல் டீச்சரே கேலி செய்வார்.

கூட வந்த குறிப்பேட்டை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பட்டை, மணிக்கட்டில் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, ஒன்று முதல் ஐந்து வரை சூடு, தினமும் இருபது நிமிடம். எழுத வேண்டியது இரண்டு கட்டங்களில்: அணிந்தவர் சொன்னது, தோலில் கண்டது. அம்மா எழுத மாட்டேன் என்றுவிட்டாள். காலையில் நாற்பது பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிட்டு வந்து பேனா பிடிக்க விரல் வளையாதாம். அதனால் எழுத்தர் பதவி எனக்கு.

முதல் பக்கத்தில் சில கேள்விகள் இருந்தன. வயது, வேலை, எவ்வளவு நாளாக வலி. "விரல்களில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா" என்று படித்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு கேள்வியா? உணர்ச்சி இல்லாமத்தான் தெனம் நாப்பது பேரு நரம்பத் தடவிக் கண்டுபிடிக்கிறேனா? ஆமான்னு போடு." போட்டுவிட்டேன்.

இன்று இரண்டில் வைத்தோம். "சூடே வரல, பேட்டரி செத்துப்போச்சா பாரு" என்றாள். மூன்றில் வைத்த பிறகு, "ம், இப்ப லேசா இருக்கு. சுகமா இருக்கு" என்றாள்.

இந்தப் பெட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் வரும் என்பதால் கடிதத்தையும் அதிலேயே வைத்துவிடுவேன். நீங்களும் வையுங்கள். நீங்கள் இருவரும் போனில் பேசும்போது "சரி, வெக்கிறேன்" என்கிற பகுதிதான் நீளமாக இருக்கிறது. அதை வைத்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ஒரு சந்தேகம். பட்டை ஏன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்? அழகுக்காகவா?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அகராதி

*

ஜூன் 21

அகராதிக்கு,

இருமல் போய்விட்டது, போகிறபோது குரலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மற்றபடி நலம். நீயும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

அழகுக்காக இல்லை. சாதாரண ஒத்தடப் பையை வைத்தால் அதற்கு அடியில் தோல் வெந்தாலும் பையை எடுக்கும்வரை தெரியாது. எங்கள் பட்டைக்கு அடியில் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் பெரியவர் எங்கே போனாலும் இதைத்தான் பெருமையாகச் சொல்வார். பெரியவர் என்றால் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். உயரம் ஐந்தடி, ஆனால் அந்தப் பெயர்தான்.

இப்போது பத்துப் பேர் அணிந்து பார்க்கிறார்கள். அக்கா ஏழாம் எண். குறிப்பேட்டில் எந்த இடத்திலும் பெயர் எழுதாதே, உறவும் எழுதாதே. எண் போதும். அவள் என்ன சொல்கிறாளோ அது ஒரு கட்டத்தில். நீ என்ன பார்க்கிறாயோ அது இன்னொரு கட்டத்தில். நீ என்ன நினைக்கிறாய் என்பதற்குக் கட்டம் இல்லை. உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

செப்டம்பரில் பெரிய கூட்டம். எந்த அளவு சூட்டை உச்சமாக வைப்பது என்று அன்று முடிவாகும். அதற்குப் பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்குக் கொடுக்கப்போகிறோம். எல்லாம் சரியாக நடந்தால் எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகும். ஐந்து வருடமாக ஒவ்வொரு வருடமும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை அக்காவிடம் சொல்லிவிடாதே. சொன்னால் எனக்காகவே எல்லாச் சூட்டையும் "சுகமா இருக்கு" என்பாள்.

விரல் வலி உண்மையிலேயே குறைகிறதா? என்னிடம் போனில் "நல்லாருக்கேன்" என்று முடித்துவிடுகிறாள்.

அன்புடன்
சித்தி

*

ஜூலை 6

அன்புள்ள சித்திக்கு,

இங்கே இருவரும் சுகம். உங்கள் குரல் திரும்பி வந்துவிட்டதா?

நல்ல செய்தி. அம்மாவுக்கு வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முன்பு காலையில் எழுந்ததும் விரலை உதறிக்கொண்டே நடப்பாள், இப்போது அது இல்லை. நான்கில் வைத்து ஒரு வாரமாகிறது. வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலும் சில நாள் போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "என்னமோ மந்திரவாதி மாதிரி இருக்கு" என்கிறாள்.

நான்கில் வைத்தால் பட்டைக்குக் கீழே விரல் சிவக்கிறது. டீச்சர் திருத்துகிற மை மாதிரி சிவப்பு. அம்மாவிடம் காட்டினேன். "சூடு பட்டா செவக்காம பச்சையாவா ஆகும்?" என்றாள். கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டது. அதையும் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். வரிசையாக நாற்காலி, கை வைக்கப் பலகை, மூடியின் நிறத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிக் குழாய்கள். அம்மா வேலை செய்வதை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வந்தவரின் முழங்கை மடிப்பில் விரலை வைத்து, கண்ணை மூடி, யாரோ உள்ளேயிருந்து பேசுவதைக் கேட்பவள் போல இருப்பாள் என்று வரவேற்பு மேசை அக்கா எப்போதும் சொல்வார். நான் பார்த்தபோது அவள் கண்ணை மூடவில்லை. இடது கையால் தடவினாள். ஒரு தாத்தாவுக்கு மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. அவர், "என்னம்மா, என் கைய தையல் மிஷின்ல போட்ட துணின்னு நெனச்சிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

இன்னொன்று. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இப்போதெல்லாம் துணி இல்லாமலே இறக்குகிறாள். பட்டை போட்டுப் போட்டுச் சூடு பழகிவிட்டது போல. இது நான் நினைப்பது. அதனால் குறிப்பேட்டில் எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள்
அகராதி

*

ஜூலை 19

என் செல்ல அகராதிக்கு,

நான் நலம், நலம், மிக நலம். மூன்று முறை எழுதக் காரணம் ஏழாம் எண்!

மற்ற ஒன்பது பேரும் நான்கில் வைத்ததும் ஐந்தே நிமிடத்தில் கழற்றிவிட்டார்கள். ஒருவர் எங்களைத் திட்டி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். ஏழாம் எண் மட்டும் முழு இருபது நிமிடமும் "இளஞ்சூடு, சுகம்". வலியும் பாதிக்கு மேல் குறைவு. பெரியவர் பலகையில் பெரிதாக 7 என்று எழுதி வட்டம் போட்டுவிட்டார். "அந்தம்மா கைதான்மா நமக்கு வழி காட்டுது. மத்தவங்க பழகல, அவ்வளவுதான்" என்கிறார். சூடு கூடினால் மூட்டின் ஆழம் வரை போகும், பலன் இரட்டிப்பாகும் என்பது அவர் கணக்கு.

அதனால் ஐந்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு மறைந்துவிடுகிறது என்றால் பயமில்லை.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. எனக்குத் தூக்கமே சரியில்லை. தேதியைப் பார்க்கிறேன், குறிப்பேட்டைப் பார்க்கிறேன், மறுபடி தேதியைப் பார்க்கிறேன். அடுத்த பெட்டியைச் சீக்கிரம் அனுப்பு.

அவசரத்துடன்
சித்தி

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘நான் வியக்கும் கண்டுபிடிப்பு’. எல்லோரும் நான் உங்கள் பட்டையைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்தார்கள். நான் தபால்தலையைப் பற்றி எழுதினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவள் மூக்குக்கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தாள், நன்றாகத்தான் இருந்தது. நூலகத்தில் இப்போது ஒருவருக்கு நான்கு புத்தகம் தருகிறார்கள். மழை வரும்போல இருக்கிறது, ஆனால் வரவில்லை.

ஐந்தில் வைத்தோம். அணிந்தவர் சொன்னது: சுகம்.

சித்தி, ஒரு கேள்வி. பொதுவாகக் கேட்கிறேன். அணிந்தவருக்குச் சூடு தெரியாமல் போனால் அந்தப் பட்டைக்கு அது தெரியுமா?

உங்கள்
அகராதி

*

ஆகஸ்ட் 10

அகராதிக்கு,

நலம். பரிசுக்கு வாழ்த்து. தபால்தலைக்கு முதல் பரிசே கொடுத்திருக்கலாம்.

பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்: தெரியாது. பட்டை தன்னுடைய சூட்டை அளந்துகொள்ளும். போட்டிருப்பவருக்கு அது எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் ஆளைக் கேட்டு எழுதுகிறோம்.

இந்த முறை ‘தோலில் கண்டது’ என்ற கட்டத்தை நீ நிரப்பவில்லை. பரிசு கிடைத்த குஷியில் மறந்திருப்பாய். அறிக்கை அன்றே போக வேண்டியிருந்ததால் ‘சாதாரணம்’ என்று நானே போட்டு அனுப்பிவிட்டேன். இனி மறக்காதே.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

சித்தி

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள சித்திக்கு,

பெட்டி போகும் நாள்வரை பொறுக்க முடியாமல் தபாலில் அனுப்புகிறேன். பள்ளிக்குக் கொடியேற்றத்துக்குப் போகும் வழியில் நானே தபால்பெட்டியில் போட்டுவிடுவேன்.

அந்தக் கட்டத்தை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் காலியாக விட்டேன். எதையும் எழுத முடியாததால் விட்டேன். தயவுசெய்து ‘சாதாரணம்’ என்பதை அடித்துவிடுங்கள். காலியாகவே இருக்கட்டும்.

காரணம் கேட்காதீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன்.

பதில் உடனே எழுதுங்கள், ஒரு வரி போதும்.

அகராதி

*

செப்டம்பர் 3

அன்புள்ள சித்திக்கு,

நலம் விசாரித்து எழுத வரவில்லை. எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

பத்தொன்பது நாளாகத் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய் நிற்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். நேற்று பெட்டி வந்தது. உங்கள் கடிதம் இல்லை. புதுப் பட்டைகளும் அச்சடித்த ஒரு தாளும் இருந்தன. ‘அடுத்த கட்டம்: முதியோர் இல்லம், முப்பது பேர். உச்சச் சூட்டுக்கான பரிந்துரை: ஐந்து.’

என் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா, கிடைத்தும் பேசாமல் இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மாலை ஐந்தில் வைத்தோம். நான் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம், சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதானது. பட்டைக்கு அடியிலேயே தண்ணீர் கோத்துக்கொண்டு எழும்பியது.

"அம்மா, கழட்டு!"

"ஏண்டி கத்துற? இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே."

"அம்மா, கொப்புளம்!"

"யாருக்கு?"

சித்தி, அவள் "யாருக்கு" என்று கேட்டாள். நான்தான் பிய்த்து எடுத்தேன். தோலும் கொஞ்சம் வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பது போல.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இத எழுதாத. எழுதினா ஏன் தெரியலன்னு சின்னவ கேப்பா. அவ கேட்டா எனக்கு மறைக்க வராது." நிலையத்தில் ஒவ்வொரு தப்பான குத்தையும் மேலாளர் ஒரு புத்தகத்தில் குறிக்கிறாராம். அம்மாவுக்கு ஜூலையில் மட்டும் பதினொன்று. போன வருடம் ஒரு அக்காவை ஒன்பதிலேயே அனுப்பிவிட்டார்கள். "இந்த ரெண்டு வெரல வெச்சுதாண்டி நாம சாப்பிடுறோம். இது செத்துப்போச்சுன்னு ஊருக்குச் சொல்லணுமா?" என்றாள். நான் சத்தியம் செய்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

நேற்று அந்த அச்சுத் தாளைப் படித்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த முப்பது பேரில் அம்மா மாதிரி விரல் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களும் "சுகமா இருக்கு" என்பார்கள். பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு பார்க்க அங்கே யார் இருப்பார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். "நான் எழுதப்போறேம்மா."

"எத?"

"கொப்புளத்த."

"அது ஆறிப்போச்சு."

"அவங்களுக்கும் வரும்மா. முப்பது பேரு."

"முப்பது பேரு மேல இருக்கிற அக்கறை பெத்தவ மேல இல்ல. அப்படித்தானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"சத்தியம் பண்ணினியா இல்லையா?"

"பண்ணினேன். உடைக்கப்போறேன். உன்கிட்ட சொல்லிட்டுதான் உடைக்கிறேன்."

"பெரிய நீதிபதி வந்துட்டா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

முதல் பக்கத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று ‘ஆமாம்’ போட்டதும் என் கைதான். அதையும் அடித்துவிடுங்கள். ஏழாம் எண்ணை முழுதாக எடுத்துவிடுங்கள், சித்தி. அம்மா வேலையைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதை அவள் சொன்னால்தான் சரி.

அகராதி

*

செப்டம்பர் 11

என் கண்ணு,

நான் உடம்பால் நலம்.

உன் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிக் கடிதம் எனக்கு நான்காம் நாளே கிடைத்துவிட்டது. படித்தேன். மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, கூட்டத்துக்கான படங்களை வரைய ஆரம்பித்தேன். தினமும் அந்த டிராயரைத் திறந்து பென்சில் எடுப்பேன், கடிதத்தின் மேலேயே கை படும். உன்னை விசாரித்தால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் விசாரிக்கவில்லை. "பொதுவாகக் கேட்கிறேன்" என்று நீ எழுதியபோதே எனக்கு உறுத்தியது. நீ எதையும் பொதுவாகக் கேட்கிறவள் கிடையாது.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது. எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவர் அறைக்குப் போனேன். ஏழாம் எண் என் சொந்த அக்கா என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். முன்பே சொல்லியிருந்தால் சேர்த்திருக்க மாட்டார். நான் அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று மறைத்தேன். செய்த நல்லது கொப்புளமாக வந்து நிற்கிறது.

‘சாதாரணம்’ என் கையெழுத்து என்றேன். அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, தெரியலன்னா தெரியலன்னு போட்டிருக்கலாமே. அதுக்கு என்ன குறைச்சல்?" என்றார். கத்தியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து போய்ப் பலகையில் இருந்த வட்டத்தைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார்.

முடிவு இதுதான். ஏழாம் எண் நீக்கம். உச்சச் சூடு மூன்று. முதியோர் இல்லத்துக்கு இப்போது எதுவும் போகாது. இனிமேல் யாரைச் சேர்த்தாலும் ஒரு டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பட்டை. எனக்கு டிசம்பர் வரை வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. குறிப்பேட்டில் கை வைத்தவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நானாக இருந்தாலும் வைத்துக்கொள்ள மாட்டேன். நீ இதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது முக்கியமானது. அக்காவை உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மணிக்கட்டில் நரம்புக்கு அழுத்தம் ஏற்பட்டால் விரல் மரத்துப்போகும், நாள் கடந்தால் திரும்பாமலும் போகலாம். வலி குறைந்ததுகூட அதனால் இருக்கலாம். நான் மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

நான் வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுது. நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சித்தி

*

அக்டோபர் 5

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒருவர் சுகம், ஒருவரைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். தாமதத்துக்கு மன்னியுங்கள். சொல்ல ஏதாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. சுவரிடம் பேசினாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு", "குடை எடுத்துட்டுப் போகலாம்" என்று சுவருக்குச் செய்தி போகும், நான் கேட்டுக்கொள்வேன். உங்கள் கடிதத்தை மேசையில் பிரித்து வைத்தேன். படித்தாளா என்று தெரியவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பதினாறாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று காலை ஒரு சின்னக் குழந்தையைக் கொண்டுவந்தார்களாம். அம்மா அதன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாளாம். நேராக மேலாளரிடம் போய், "எனக்கு வெரல் தெரியல சார். இந்தக் கொழந்தைய வேற யாராவது பாக்கட்டும்" என்றாளாம்.

"அவர் என்னம்மா சொன்னார்?"

"என்ன சொல்லுவாரு? ‘எத்தன நாளா’ன்னு கேட்டாரு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் பதிவு மேசைல உக்காருங்கன்னாரு. அப்புறம் என்னன்னு சொல்லல. நானும் கேக்கல." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்தக் கொழந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு குழி விழுதுடி" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். சுவரிடம் இல்லை, என்னிடம்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். இளம் பெண் டாக்டர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு குண்டூசியை எடுத்தார்.

"குத்தினதும் சொல்லுங்க. தெரியுதா?"

"தெரியுது."

"நான் இன்னும் குத்தவே இல்லம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினார். "இப்ப?" நடுவிரலில் குத்தினார். "இப்ப?"

"தெரியல" என்றாள் அம்மா.

கட்டை விரல். "தெரியல." மறுபடி ஆள்காட்டி விரல். "தெரியல." சுண்டு விரலில் குத்தியதும் துள்ளி விழுந்தாள். "யம்மா! இதுல ஏன் இப்படிக் குத்துறீங்க?" டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பத்து மாசமா தெரியல டாக்டர். இவகிட்டயே சொல்லல" என்றாள்.

பத்து மாதம், சித்தி. பட்டை வருவதற்கு முன்பே. நான் அந்த ‘ஆமாம்’ போட்ட அன்றும் தெரியவில்லை.

நீங்கள் நினைத்ததுதான். மணிக்கட்டில் அழுத்தம். வலி போனது குணமானதால் இல்லையாம், அதுவும் மரத்துவிட்டதாம். சின்ன அறுவைச் சிகிச்சை செய்து அழுத்தத்தை எடுத்துவிடலாம், பதினேழாம் தேதி வாருங்கள் என்றார். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். வரலாம், மெதுவாக வரலாம், முழுதாக வரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

நேற்று உங்கள் கேள்வியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வரலாமான்னு கேக்குறாளா? அவ எப்பலேர்ந்து இந்த வீட்டுக்கு வரக் கேட்டுட்டு வந்தா?" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இன்று காலை ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடந்த மெத்தையை அம்மா வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போனால் விடவில்லை. இடது கையாலும் முழங்காலாலுமாக மாடிவரை தள்ளிக்கொண்டு போய், வெயிலில் விரித்து, தும்மிக்கொண்டே தட்டினாள்.

"பதினாறாந்தேதியே வந்துரச் சொல்லு. ஆபரேஷன் அன்னிக்கு நான் யாரத் திட்டுறது? நீ சின்னப் புள்ள" என்றாள்.

மெத்தை காய்ந்துகொண்டிருக்கிறது. வாருங்கள், சித்தி.

உங்கள்
அகராதி